சீசரைக் கவிழ்த்தது எந்த புரூட்டஸ்?

#1 பின்வரிசை

துரோகி என்றதும் புரூட்டஸ் பெயர்தான் எல்லோர் வாயிலும் வருகிறது. கட்சி மாறியவர், கூட்டணி முறித்தவர், யாராக இருந்தாலும் அவர் தலையில் "நீயுமா புரூட்டஸ்" என்று கவிழ்த்துவிடுகிறோம். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை நிதானமாகப் படித்தால், அந்தப் பழியில் பெரும்பங்கு இன்னொருவனுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. அவன் பெயரிலும் புரூட்டஸ் உண்டு. டீசியஸ் புரூட்டஸ்.

இரண்டாம் அங்கம், முதல் காட்சி. சீசரைக் கொல்லத் திட்டமிடும் சதிகாரர்கள் இரவில் மார்க்கஸ் புரூட்டஸின் (நாம் எல்லோரும் அறிந்த அந்தப் புரூட்டஸ்) வீட்டில் கூடியிருக்கிறார்கள். எல்லாம் பேசி முடித்தபிறகு அவர்களில் ஒருவனான காசியஸுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சீசர் சமீப காலமாகச் சகுனம், கனவு என்று நம்ப ஆரம்பித்திருக்கிறார், நாளைக்கு செனட் சபைக்கே வராமல் போய்விட்டால்? டீசியஸ் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. அதை என்னிடம் விடுங்கள் என்கிறான். யானையைக் குழி வெட்டிப் பிடிக்கலாம், சிங்கத்தை வலை வைத்துப் பிடிக்கலாம், மனிதனை முகஸ்துதியால் பிடிக்கலாம். 'உங்களுக்குத்தான் முகஸ்துதியே பிடிக்காதே' என்று நான் சொன்னால் சீசர் ஆமாம் என்பார், அந்த நொடியே அவர் முகஸ்துதிக்கு மயங்கிவிட்டார் என்று அர்த்தம். பக்கத்திலேயே இருந்து ஒருவரை அணு அணுவாகக் கவனித்தவன் சொல்லக்கூடிய பேச்சு இது.

மறுநாள் காலை அதைச் செய்தும் காட்டுகிறான். சீசரின் சிலையில் நூறு துவாரங்களிலிருந்து ரத்தம் பீறிட, ரோமானியர்கள் சிரித்துக்கொண்டே வந்து அதில் கை நனைப்பதாக மனைவி கல்பூர்னியா கனவு கண்டிருக்கிறாள். சீசர் வெளியே கிளம்புவதில்லை என்று முடிவே செய்துவிட்டார். டீசியஸ் வருகிறான். "உன்மேல் உள்ள அன்பினால் உனக்கு மட்டும் காரணத்தைச் சொல்கிறேன்" என்று சீசர் கனவைச் சொல்கிறார். அவன் உடனே, கனவுக்குப் பலன் தப்பாகச் சொல்லிவிட்டார்கள், ரோம் உங்கள் ரத்தத்தால்தான் புத்துயிர் பெறப் போகிறது என்பதே இதன் பொருள் என்கிறான். அதோடு விடவில்லை. இன்றைக்கு செனட் உங்களுக்கு முடிசூட்டுவதாக இருக்கிறது, போகாவிட்டால் அவர்கள் மனம் மாறலாம். 'சீசரின் மனைவி நல்ல கனவு காணும்வரை சபையை ஒத்திவையுங்கள்' என்று எவனாவது கேலி பேசுவான். கடைசியாக, உங்கள்மேல் வைத்த பிரியத்தால்தான் இப்படிப் பேசுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சீசர் அங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார்.

இந்த ஒருவன் போகாமல் இருந்திருந்தால் அன்று கொலையே இல்லை. கத்தி எத்தனை பேரிடம் இருந்தாலும், ஆளைக் கூட்டி வந்தது இவன்தான். உங்கள் கருத்து என்ன?

#2 சாமக்கோடங்கி

எனக்கு இதில் உடன்பாடில்லை, பின்வரிசை சார். டீசியஸ் கெட்டிக்காரன், அவ்வளவுதான். அவன் மனதில் போராட்டமே கிடையாது. போராட்டம் இல்லாத இடத்தில் துரோகத்துக்கு என்ன கனம் இருக்க முடியும்?

மார்க்கஸ் புரூட்டஸின் தனிமொழியைப் பாருங்கள். ராத்திரி தோட்டத்தில் நின்றுகொண்டு பேசுகிறான். அவன் ஆரம்பிக்கும் விதமே விசித்திரம். சீசர் சாகத்தான் வேண்டும் என்று முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறான். காரணம் தேடுவது அப்புறம். எனக்கு அவர்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்கிறான். அவருடைய உணர்ச்சி அறிவை மீறி நான் பார்த்ததில்லை என்றும் ஒப்புக்கொள்கிறான். அப்படியானால் எதற்குக் கொலை? முடி சூட்டினால் மாறக்கூடும். பாம்பு முட்டையாக இருக்கும்போதே நசுக்கிவிட வேண்டும். இதுதான் அவன் வாதம்.

செய்யாத குற்றத்துக்கு, செய்யக்கூடும் என்ற கணக்கில் மரண தண்டனை. அதுவும் தன்னை நேசிக்கும் மனிதருக்கு. அரசியல் கொலை செய்த எவன் வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்தாலும் இதே தர்க்கம் இருக்கும். அதனால்தான் இந்த நாடகம் 1599இலிருந்து இன்றுவரை மேடையில் நிற்கிறது. டீசியஸை நாயகனாக வைத்து எழுதியிருந்தால் ஒரு துப்பறியும் கதை கிடைத்திருக்கும்.

#3 தாமிரக்காசு

வரலாற்றுப் பக்கத்திலிருந்து கொஞ்சம். பின்வரிசை சொல்வதற்கு அங்கே நல்ல ஆதாரம் இருக்கிறது.

நாடகத்தில் டீசியஸ் என்று வருபவரின் நிஜப் பெயர் டெசிமஸ் ஜூனியஸ் புரூட்டஸ் அல்பினஸ். கால் நாட்டுப் (Gaul, ஏறத்தாழ இன்றைய பிரான்ஸ்) போரில் கி.மு. 56இல் வெனெட்டி மக்களுக்கு எதிரான கடற்படையைச் சீசர் இவரிடம்தான் கொடுத்தார். உள்நாட்டுப் போரில் மஸீலியா (இன்றைய மார்செய்) முற்றுகையிலும் கப்பல் படைக்குத் தலைமை இவரே. ஆரம்பத்திலிருந்து சீசரின் ஆள். சீசர் தன் உயிலில் இவரை இரண்டாம் நிலை வாரிசாக எழுதி வைத்திருந்தார். கொலைக்கு முந்தைய இரவு லெபிடஸ் வீட்டு விருந்துக்குச் சீசர் இவரையும் அழைத்துப் போனதாகப் பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். எப்படிப்பட்ட சாவு நல்லது என்று அங்கே பேச்சு வந்தபோது, எதிர்பாராமல் வருவதுதான் என்றாராம் சீசர். மறுநாள் காலை கையைப் பிடித்து வீட்டிலிருந்து கூட்டிப் போனதும் டெசிமஸ்தான். இது இன்னொரு பண்டைய எழுத்தாளரான புளூடார்க்கில் இருக்கிறது.

மார்க்கஸ் கதை வேறு. அவர் கி.மு. 48இல் ஃபார்சாலஸ் போரில் சீசரின் எதிராளியான தளபதி பாம்பேயின் பக்கம் நின்று சீசரை எதிர்த்தவர். தோற்றபின் சீசர் மன்னித்தார், பதவியும் கொடுத்தார். காசியஸும் அப்படி மன்னிக்கப்பட்டவர்தான். மன்னிக்கப்பட்ட எதிரி திரும்பவும் எதிரியானான் என்றால் அதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. டெசிமஸுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மார்க்கஸின் தாய் செர்வீலியா நெடுங்காலம் சீசரின் காதலியாக இருந்தவர். ரோமில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஷேக்ஸ்பியர் அந்தப் பக்கமே போகவில்லை. போயிருந்தால் கொலை குடும்பச் சண்டையாகச் சுருங்கியிருக்கும்.

#4 ஓரமா_நிக்கிறேன்

கொன்னவனை விடக் கூட்டிட்டு வந்தவன் மோசம். எங்க தெருப் பஞ்சாயத்திலும் இதே தீர்ப்புதான். தொடருங்க.

#5 செண்பகம்

பின்வரிசை அண்ணா, நீங்கள் சொன்ன அந்தக் காலைக் காட்சியில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். டீசியஸுக்குப் பின்னாலேயே மற்றவர்களும் வந்துவிடுகிறார்கள், மார்க்கஸ் புரூட்டஸும் அதில் உண்டு. சீசர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்கிறார். உள்ளே வாருங்கள், என்னோடு கொஞ்சம் திராட்சை மது அருந்திவிட்டு நண்பர்களைப் போல எல்லோரும் சேர்ந்து போகலாம் என்கிறார். இதைத்தானே நாம் உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்கிறோம்? டீசியஸ் மட்டுமா குடித்தான், எல்லோருமே குடித்தார்கள்.

அந்த இடத்தில் புரூட்டஸ் தனக்குள் சொல்லிக்கொள்கிறான்: நண்பர்களைப் போல என்பதும் நண்பர்கள் என்பதும் ஒன்றில்லையே, நினைத்தால் நெஞ்சு நோகிறதே என்று. நெஞ்சு நொந்தவன் திரும்பிப் போயிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வலிக்கிறது என்று தெரிந்தே செய்வது எனக்கு இன்னும் மோசமாகப் படுகிறது. மனசாட்சி இருப்பது புரூட்டஸுக்குச் சலுகை ஆகாது, அது அவன்மேல் உள்ள குற்றத்தைக் கூட்டுகிறது.

அதே காட்சியில் டிரெபோனியஸ் சொல்வதையும் பாருங்கள். என் பக்கத்திலேயே இரு என்று சீசர் சொல்ல, இருக்கிறேன் என்றுவிட்டு, உன் நண்பர்கள் நான் தள்ளி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கும் அளவுக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று முணுமுணுக்கிறான். குடிக்க அழைத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு.

#6 பின்வரிசை

செண்பகம் சொல்வது சரியான அடி. ஆனால் அதையே நான் என் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். புரூட்டஸுக்கு ஒரு தனிமொழி, டிரெபோனியஸுக்குக்கூட ஒரு முணுமுணுப்பு. டீசியஸுக்கு நாடகம் முழுக்க அப்படி ஒரு வரிகூட இல்லை. அவன் ஏன் சேர்ந்தான்? பொறாமையா, பதவியா, குடியரசா? ஷேக்ஸ்பியர் சொல்லவே இல்லை. காசியஸுக்குச் சீசரோடு டைபர் நதியில் நீந்திய பழைய கதை இருக்கிறது, காஸ்காவுக்கு எரிச்சல் இருக்கிறது, லிகாரியஸுக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. இவனுக்கு மட்டும் முகம் மட்டும்தான். மனம் இருந்த இடம் காலி.

மேடையில் புரூட்டஸைப் பார்த்து நாம் வருத்தப்படுகிறோம். டீசியஸைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. நிஜ வாழ்க்கையில் நம்மைக் கவிழ்த்தவர்கள் எவரும் நமக்குக் கேட்கும்படி தனிமொழி பேசிவிட்டுக் கவிழ்ப்பதில்லை.

#7 விளக்குத்தூண்

மேடைப் பக்கம் இருப்பவன் என்ற முறையில் கொலைக் காட்சியைப் பற்றி. மூன்றாம் அங்கம், முதல் காட்சி. எல்லோரும் கத்தியைத்தான் பார்ப்பார்கள். முழங்காலைப் பாருங்கள் என்பேன்.

முதலில் டிரெபோனியஸ் பேச்சுக் கொடுத்து, சீசரின் நண்பன் ஆண்டனியை வெளியே நகர்த்திப் போகிறான். அப்புறம் மெட்டல்லஸ் சிம்பர், நாடு கடத்தப்பட்ட தன் அண்ணனுக்காகச் சீசர் முன் மண்டியிடுகிறான். அந்த மனுவே ஒரு சாக்கு, எல்லோரும் நெருங்கி வருவதற்கு. புரூட்டஸ் சீசரின் கையை முத்தமிடுகிறான், இது முகஸ்துதிக்காக இல்லை என்றும் சொல்லிக்கொள்கிறான். காசியஸ் காலில் விழுகிறான். அவர்கள் தாழத் தாழச் சீசர் உயர்ந்துகொண்டே போகிறார். நான் வடதுருவ நட்சத்திரம் போல அசையாதவன் என்கிறார், ஒலிம்பஸ் மலையைத் தூக்கப் பார்க்கிறாயா என்று கேட்கிறார். தொழுத கைக்குள்ளும் ஆயுதம் இருக்கும், பகைவர் அழுத கண்ணீரும் அப்படித்தான் என்று வள்ளுவர் கூடா நட்பில் சொன்னதை இந்தக் காட்சியில் அப்படியே பார்க்கலாம். கண்ணீர்ப் பகுதி ஆண்டனிக்கு, அது அடுத்த காட்சியில் வரும்.

பின்வரிசைக்கு ஒரு பரிசு தருகிறேன். காஸ்காவின் கத்தி பாய்வதற்குச் சற்று முன்னால் டீசியஸ் சொல்லும் கடைசிச் சொல் என்ன தெரியுமா? "மகா சீசரே". மேலே பேச விடாமல் சீசர் அடக்கிவிடுகிறார், புரூட்டஸ் மண்டியிட்டே பலனில்லை, நீ எம்மாத்திரம் என்ற தோரணையில். ஆக டீசியஸ் தன் வேலையைக் கடைசி நொடிவரை செய்திருக்கிறான், கையில் கத்தியை வைத்துக்கொண்டே முகஸ்துதி.

நான் இயக்கினால் அந்த நொடியில் சீசரை டீசியஸ் பக்கம் திரும்பவே விடமாட்டேன். புரூட்டஸைத்தான் அவர் பார்க்கிறார், டீசியஸ் இன்னமும் தன் நண்பன் என்று நினைத்துக்கொண்டே சாகிறார்.

#8 தேர்வு_பயம்

வணக்கம். எனக்கு இது பாடத்தில் இருக்கிறது. சீசர் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே செத்துப்போகிறார், புரூட்டஸுக்குத்தான் வசனம் அதிகம். பின்னே ஏன் தலைப்பு சீசர் பெயரில்? துன்பியல் நாயகன் யார் என்று கேட்டால் யாரை எழுதுவது? அவசரம்.

#9 சாமக்கோடங்கி

தம்பி (அல்லது தங்கை), புரூட்டஸ் என்று எழுதினால் மதிப்பெண் வரும். தலைப்புக்கு என் விளக்கம்: கொன்ற பிறகுதான் சீசர் பலமாகிறார். உயிரோடு இருந்த சீசருக்கு ஒரு காது கேட்காது, வலிப்பு வரும். காய்ச்சலில் நோயாளிச் சிறுமி மாதிரி தண்ணீர் கேட்டு அழுதார் என்று காசியஸ் சொல்கிறான். செத்த சீசருக்கு அந்தப் பலவீனம் எதுவும் இல்லை. ஆவியாக புரூட்டஸின் கூடாரத்துக்கு வருகிறார், யார் நீ என்றால் "உன் கெட்ட ஆவி" என்கிறார். பிலிப்பி போர்க்களத்தில் நண்பர்களின் பிணங்களைப் பார்த்து, சீசரே, நீ இன்னமும் வல்லவன்தான், எங்கள் வாளை எங்கள் வயிற்றுக்கே திருப்பிவிட்டாய் என்று புரூட்டஸே சொல்கிறான். காசியஸ் சாவது சீசரைக் குத்திய அதே வாளால். மனிதரைக் கொன்றார்கள், பெயரைக் கொல்ல முடியவில்லை. பின்னால் வந்த ரோமப் பேரரசர்கள் எல்லோரும் அந்தப் பெயரையே பட்டமாக வைத்துக்கொண்டார்கள்.

புரூட்டஸின் தப்புகளையும் வரிசையாகப் படித்து வைத்துக்கொள். ஆண்டனியையும் சேர்த்துக் கொல்லலாம் என்று காசியஸ் சொன்னபோது, நாம் பலி கொடுப்பவர்களாக இருப்போம், கசாப்புக்காரர்களாக வேண்டாம் என்று மறுத்தான். இறுதிச் சடங்கில் ஆண்டனியைப் பேச விடாதே என்று காசியஸ் சொன்னான், விட்டான். பிலிப்பிக்கு நாம் போக வேண்டாம், அவர்களே தேடி வரட்டும் என்று காசியஸ் சொன்னான், போனான். மூன்று முறையும் காசியஸ் சொன்னதுதான் சரி, மூன்று முறையும் ஜெயித்தது புரூட்டஸின் நல்ல பெயர்.

#10 தாமிரக்காசு

நல்ல பெயர் என்று சொன்னதால் ஒரு குறுக்குச் சால்.

நான்காம் அங்கத்தில் புரூட்டஸும் காசியஸும் கூடாரத்தில் சண்டை போடுகிறார்கள். உனக்குக் கை அரிக்கிறது, பணத்துக்குப் பதவி விற்கிறாய் என்று புரூட்டஸ் திட்டுகிறான். அதே மூச்சில், நான் தங்கம் கேட்டு அனுப்பினேன், நீ தரவில்லை, இழிவான வழியில் பணம் திரட்ட என்னால் முடியாது என்கிறான். அதாவது இழிவான வேலையை நீ செய், பணத்தை எனக்குக் கொடு. இந்த நாடகத்திலேயே எனக்குப் பிடித்த நையாண்டி இதுதான், ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வரலாற்றில் இது இன்னும் மோசம். சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரத்துக்கு நிஜ புரூட்டஸ் தன் ஆட்கள் பெயரில் கடன் கொடுத்திருந்தார். வட்டி ஆண்டுக்கு 48 சதவீதம். வசூலிக்கப் போன ஆள் குதிரைப்படையை வைத்து நகர சபையையே அடைத்துப் போட்டதில் ஐந்து உறுப்பினர்கள் பட்டினியால் செத்தார்கள். ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ அங்கே ஆளுநராகப் போனபோது இதைக் கண்டு அதிர்ந்து, நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. குடியரசின் காவலர் கந்துவட்டிக்காரராகவும் இருந்திருக்கிறார்.

#11 செண்பகம்

இதைத் தெரிந்துகொண்டபின் "ரோமானியரிலேயே உத்தமன் இவன்தான்" என்று ஆண்டனி கடைசியில் சொல்வது வேறு மாதிரிக் கேட்கிறது. ஆண்டனி சொல்வதை எப்போதுமே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது வேறு விஷயம்.

அந்த இரங்கல் உரையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீசரின் அங்கியைத் தூக்கிக் காட்டி, இங்கே காசியஸின் கத்தி, இது காஸ்கா கிழித்த கிழிசல், இது அன்பு புரூட்டஸ் குத்திய இடம் என்று ஒவ்வொரு ஓட்டைக்கும் ஆள் பெயர் சொல்கிறான். அவன்தான் அங்கே இல்லையே! டிரெபோனியஸ் வெளியே கூட்டிப் போய்விட்டானே. எந்த ஓட்டை யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நெர்வியர் என்ற கால் நாட்டு இனத்தை வென்ற அன்று மாலை சீசர் முதன்முதலாக இதை அணிந்தார், எனக்கு நினைவிருக்கிறது என்கிறானே, அதற்கும் ஏதாவது சாட்சி உண்டா, தாமிரக்காசு ஐயா?

#12 தாமிரக்காசு

இல்லை. நெர்வியர் போர் கி.மு. 57. ஆண்டனி கால் நாட்டில் சீசரோடு சேர்ந்தது அதற்கு வெகு பின்னால். ஷேக்ஸ்பியர் இதை உணர்ந்து எழுதினாரா என்று நான் வாதாட மாட்டேன், ஆனால் பொய்க்குப் பொருத்தமான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

காயக் கணக்கும் அப்படித்தான். பண்டைய ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் சொல்வது 23, அதில் உயிரைக் குடித்தது மார்பில் பட்ட இரண்டாவது குத்து ஒன்றுதான் என்று ஆன்டிஸ்டியஸ் என்ற மருத்துவர் பரிசோதித்துச் சொன்னாராம். நாடகத்தில் சீசரின் வாரிசான ஆக்டேவியஸ் 33 என்கிறான். கொலை நடந்த இடமும் நாடகத்தில் வரும் கேபிடல் கிடையாது, பாம்பே கட்டிய அரங்கத்தை ஒட்டிய சபை மண்டபம். இன்று ரோமில் லார்கோ தி தோரே அர்ஜென்டினா என்ற சதுக்கத்தில் அதன் மிச்சம் இருக்கிறது. பூனைகள் ராஜ்ஜியம் நடத்துகின்றன. சீசரின் கடைசிச் சொல் என்று நாம் மேற்கோள் காட்டுகிறோமே, அவர் எதுவும் பேசாமல் ஒரு முனகலோடு செத்தார் என்பதுதான் சூட்டோனியஸின் முதல் கூற்று. புரூட்டஸைக் கண்டதும் அங்கியால் முகத்தை மூடிக்கொண்டார் என்கிறார் புளூடார்க்.

#13 மட்டுறுத்துநர்

இப்போதைய கட்சித் தலைவர்களைச் சீசர், புரூட்டஸ் என்று பொருத்தி எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ரோமோடு நிற்போம்.

#14 ஓரமா_நிக்கிறேன்

ஒண்ணு என்னுடையது. சரி, சரி. ஆனாலும் ஒரு கேள்வி: கொலையை இவ்வளவு அழகாகக் காட்டினால், பார்க்கிறவனுக்கு நாமும் ஒரு புரூட்டஸ் ஆகலாமே என்று தோணாதா?

#15 விளக்குத்தூண்

தோன்றியிருக்கிறது. 1864 நவம்பர் 25, நியூயார்க் விண்டர் கார்டன் அரங்கம். சென்ட்ரல் பார்க்கில் ஷேக்ஸ்பியருக்குச் சிலை வைக்க நிதி திரட்டுவதற்காக நடிகர்களான பூத் சகோதரர்கள் மூவரும் ஒரே மேடையில் இந்த நாடகத்தைப் போட்டார்கள். எட்வின் புரூட்டஸாக, ஜூனியஸ் புரூட்டஸ் பூத் காசியஸாக (ஆமாம், அவர் பெயரே அதுதான், அப்பா பெயரும் அதுவே), ஜான் வில்க்ஸ் பூத் ஆண்டனியாக. அடுத்த ஏப்ரல் 14 அன்று அந்த ஜான் வில்க்ஸ்தான் ஃபோர்டு அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டான். தப்பி ஓடி ஒளிந்திருந்தபோது, புரூட்டஸைக் கொண்டாடிய அதே காரியத்துக்காகத்தான் என்னை வேட்டையாடுகிறார்கள் என்று நாட்குறிப்பில் புலம்பி எழுதினான்.

மேடையில் அவன் ஆண்டனி. கொலைக்குப் பிறகு தெரு எப்படித் திரும்பும் என்பதை மற்ற எல்லோரையும் விட அவன்தான் வாயால் பேசி அறிந்திருக்க வேண்டும். அவன் பேசிய பாத்திரமே அவனுக்குப் புரியவில்லை.

நாடகத்தின்மேல் பழி போட மாட்டேன். கொலைக்குப் பிறகு ரத்தத்தில் கை நனைத்துக்கொண்டு, பிறக்காத தேசங்களிலும் அறியாத மொழிகளிலும் இந்தக் காட்சி எத்தனை முறை நடிக்கப்படுமோ என்று பெருமைப்படுகிறான் காசியஸ். விடுதலை விடுதலை என்று தெருவில் கூவச் சொல்கிறார்கள். அதற்கு அப்புறம் என்ன ஆனது? புரூட்டஸ் உரைநடையில் நியாயம் பேசுகிறான், கூட்டம் கை தட்டுகிறது, தட்டிவிட்டு "இவரையே சீசர் ஆக்குவோம்" என்று கத்துகிறது! எந்த முடியை ஒழிக்கக் கொன்றார்களோ அதையே கொன்றவன் தலையில் வைக்கப் பார்க்கிறார்கள். அந்த ஒரு வரியில் புரூட்டஸின் கொள்கை மொத்தமும் சரிந்துவிட்டது. ஆண்டனி பேச வருவதற்கு முன்னாலேயே.

அப்புறம் சின்னா. சதிகாரன் சின்னா என்று நினைத்துக் கவிஞன் சின்னாவைப் பிடிக்கிறார்கள். நான் அவனில்லை, நான் கவிஞன் என்று கதறுகிறான். அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழியுங்கள் என்கிறான் ஒருவன். 1937இல் ஆர்சன் வெல்ஸ் நியூயார்க்கில் இதை முசோலினி காலத்து உடைகளோடு போட்டபோது, பார்த்தவர்களை உலுக்கியது கொலைக் காட்சியை விட இந்தச் சின்னக் காட்சிதான். அதற்கு முன்பு பல காலம் இதை வெட்டிவிட்டுத்தான் நடித்துக்கொண்டிருந்தார்கள்.

#16 சாமக்கோடங்கி

அதற்கு அடுத்த காட்சியையும் சொல்லுங்கள். ஆண்டனி, ஆக்டேவியஸ், லெபிடஸ் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து யார் யார் சாக வேண்டும் என்று பெயருக்குப் புள்ளி வைக்கிறார்கள். லெபிடஸ் தன் அண்ணனை விட்டுக்கொடுக்கிறான், பதிலுக்கு ஆண்டனி தன் சகோதரியின் மகனை. கடைத்தெருவில் பேரம் பேசுகிற மாதிரி. மக்களுக்கு ஆளுக்கு 75 டிராக்மா என்று எந்த உயிலைக் காட்டி அழ வைத்தானோ, அதே உயிலைக் கொண்டுவரச் சொல்லி, எதைக் குறைக்கலாம் என்று பார்க்கிறான். இறந்த தலைவர் பெயரால் கொடுத்த வாக்குறுதி அவ்வளவு சீக்கிரம் வெட்டுப்படுகிறது. இந்தக் காட்சிக்கு மேல் ஒரு சர்வாதிகாரியைக் கொன்றால் நாடு திருந்திவிடும் என்று நம்புகிறவன் நாடகத்தைப் பாதியில் எழுந்து போனவன்.

அதேபோல் ஆட்சியில் இருப்பவரைச் சீசராக வேடம் கட்டினால் கொலைக்குத் தூண்டுகிறார்கள் என்று கூச்சல் போடுபவர்களும். 2017இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் டிரம்ப் சாயலில் சீசரைக் காட்டியபோது புரவலர்கள் சிலர் நிதி ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். அவர்களும் மூன்றாம் அங்கத்துக்கு மேல் பார்க்கவில்லை போல.

#17 தேர்வு_பயம்

தங்கைதான். நன்றி அண்ணா. தேர்வுக்கு வராது என்று தெரிந்தும் கேட்கிறேன், கடைசியில் டீசியஸ் என்ன ஆனான்? என் புத்தகத்தில் மூன்றாம் அங்கத்துக்கு மேல் அவன் பெயரே இல்லை.

#18 பின்வரிசை

காணாமல்தான் போகிறான். கொலை முடிந்ததும் ஆண்டனி ஒவ்வொருவராகக் கை குலுக்கும்போது டீசியஸின் கையையும் குலுக்குகிறான். "டீசியஸ் வீட்டுக்குச் சிலர், காஸ்கா வீட்டுக்குச் சிலர்" என்று தீப்பந்தத்தோடு கூட்டம் கிளம்பும்போது பெயர் கேட்கிறது. அதோடு சரி. அங்கியின் ஓட்டைகளுக்குப் பெயர் சொன்ன ஆண்டனிகூட இவன் பெயரைச் சொல்லவில்லை. சீசரை வீட்டிலிருந்து கூட்டி வந்தவன் இவன் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாமலேயே போய்விட்டது.

#19 தாமிரக்காசு

வரலாற்றில் முடிவு இருக்கிறது. சீசர் அவருக்கு ஒதுக்கியிருந்த இத்தாலியப் பக்கத்து கால் மாகாணத்துக்கே ஆளுநராகப் போனார் டெசிமஸ். தான் கொன்ற மனிதர் கொடுத்த பதவியையும் விடவில்லை பாருங்கள். ஆண்டனி அவரை முட்டினா நகரில் முற்றுகையிட்டார். முற்றுகை விலகியபின் அவருடைய படைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. மாசிடோனியாவில் இருந்த மார்க்கஸிடம் போய்ச் சேரலாம் என்று மாறுவேடத்தில் ஓடினார். வழியில் பிடிபட்டு ஒரு கால் இனத் தலைவனிடம் போய்ச் சேர்ந்தார். டெசிமஸிடம் முன்பு உதவிகள் பெற்றவன் அவன் என்கிறார் அப்பியன். இவ்வளவு பெரிய மனிதரைக் கட்டி வைத்தீர்களே என்று பிடித்தவர்களை அவர் முன்னால் திட்டிவிட்டு, ஆண்டனிக்கு ரகசியமாக ஆள் அனுப்பினானாம். கொல்லச் சொல்லிப் பதில் வந்தது. கி.மு. 43, பிலிப்பி போருக்கு முந்தைய வருடம்.

#20 செண்பகம்

நல்ல வேளை ஷேக்ஸ்பியர் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம்.

#21 விளக்குத்தூண்

வீட்டுக்குப் போகும் விஷயத்தில் ஒரு தகவல். 1599 செப்டம்பர் 21 அன்று தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி தேம்ஸ் நதியைக் கடந்து போய், கூரை வேய்ந்த கொட்டகையில் சீசர் நாடகம் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். சுமார் 15 பேர் நடித்தார்களாம், முடிந்ததும் வழக்கம்போல அழகாக ஆட்டம் ஆடினார்களாம், இருவர் ஆண் உடையிலும் இருவர் பெண் உடையிலும். புரூட்டஸ் வாளில் விழுந்து சாகிறான், உடனே ஆட்டம்.

செண்பகம் சொன்னதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். என் மேடையில் டீசியஸை நான்காம் அங்கத்திலும் ஒரு மூலையில் வசனமில்லாமல் நிறுத்தி வைப்பேன். புள்ளி வைக்கிற மேசைக்குப் பின்னால், ஆண்டனியின் ஆட்களில் ஒருவனாக.

#22 பின்வரிசை

அது கூடாது, விளக்குத்தூண். அவன் ஆண்டனி பக்கம் போகவே இல்லை என்று இப்போதுதானே தாமிரக்காசு எழுதினார்? ஒருவனைக் கவிழ்த்தவன் எல்லாப் பக்கமும் தாவுவான் என்று நீங்களாகவே முடிவு கட்டுகிறீர்கள். கொலைக்குப் பிறகு அந்த மனிதர் கட்சி மாறவில்லை, அதுதான் அவரைப் புரிந்துகொள்ள முடியாமல் செய்கிறது.